ஒருத்திக்கு ஏழு பேர்

என் செல்ல மகளுக்கு,

அம்மா நலம், அப்பா நலம், தம்பி தேவைக்கு மேலேயே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் நீ வாயைத் திறந்து சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் என்ன செய்தி அனுப்பினாலும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மைப் படம் வருகிறது. மழையில் மாடிக் கதவு உப்பிப்போய்த் திறக்க வரவில்லை என்றேன், கட்டைவிரல். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று என்றேன், அதற்கும் கட்டைவிரல். பல் போனதற்கு என்னடி கட்டைவிரல்? அதனால்தான் இந்தக் காலத்திலும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். போன் என்றால் "கிளாஸுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்துப் போட்டாலும் மீதி உன் மேஜை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உன் கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ "நான் திரும்பி வந்துடட்டுமாம்மா?" என்று கேட்டாய். நான் தாம் தூம் என்று குதித்தேன். ஒரு வருஷப் படிப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு வருவதா, நான் யார் முகத்தில் முழிப்பது, இதற்கா இவ்வளவு பாடுபட்டு அனுப்பினோம் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். நீ "சரிம்மா" என்றாய். அன்றோடு சரி, அதற்குப் பிறகு எனக்குக் கட்டைவிரல்தான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த வியாழக்கிழமை எங்கள் ஆபீசில் நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். மூன்று நாளாக நான் பல் தேய்க்கும்போதும் சிரிக்கிறேன், துணி காயப்போடும்போதும் சிரிக்கிறேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏதாவது கழண்டு போச்சா?" என்று கேட்கிறார். அவர் லென்ஸ் தேய்க்கிற மனுஷன், எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார். இந்தக் கூத்துக்கும் நீ கேட்டதற்கும் என்ன சம்பந்தம் என்பதை நீயே கடைசியில் தெரிந்துகொள்வாய், இப்போது வாயை மூடிக்கொண்டு படி.

எங்கள் கல்லூரி சர்வதேசக் கல்லூரி ஆகப்போகிறது என்று போன வருஷமே சொன்னேன் அல்லவா. ஆகப்போகிறது என்று சொன்னதுதான் தாமதம், பிரின்சிபால் வாசல் பலகையை மாற்றி எழுதிவிட்டார். வராந்தாச் சுவர் முழுக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டு மாட்டினார், மொத்தம் பதினான்கு. அதில் ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, ஒப்பந்தத்தில் எங்கள் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்தித் தரவும் என்று. அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எல்லாம் சரி, ஆனால் மேலிடத்துத் தரக்குழு வந்து முத்திரை குத்த வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வெளிநாட்டு மாணவராவது முழு வருஷமும் தங்கிப் படிக்க வேண்டுமாம். உடனே நாற்பது கட்டிலோடு சர்வதேச மாணவியர் இல்லம் எழும்பியது. அதை நடத்த ஒரு பிரிவும் உண்டாயிற்று. இருபத்திரண்டு வருஷம் தேர்வுப் பிரிவில் பழைய விடைத்தாள் கட்டுகளோடு மூச்சு முட்டிக் கிடந்த உன் அம்மாதான் அதற்குக் கண்காணிப்பாளர். எனக்குக் கீழே ஆறு பேர், விடுதிக் காப்பாளர், சமையல்காரர், வேன் ஓட்டுநர், தட்டச்சு அக்கா, ஒரு மொழிபெயர்ப்பாளர், அப்புறம் எழுத்தர். மொழிபெயர்ப்பாளரை மாணவர்கள் எந்த நாட்டிலிருந்து வருவார்கள் என்று தெரிவதற்கு முன்பே வேலைக்கு எடுத்துவிட்டார்கள், அவர் ஒரு பாஷையை நான்கு வருஷம் உருப்போட்டு வைத்துக்கொண்டு ஆள் வருவதற்காகக் காத்திருந்தார். எழுத்தருக்கு ரத்தினச்சுருக்கம் என்று பட்டப்பெயர். பத்துப் பக்கக் கடிதத்தைக் கொடுத்தாலும் ஒரு வரியில் சுருக்கி ஃபைல் குறிப்பில் எழுதிவிடுவார், அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். இவரை மறந்துவிடாதே, எல்லா வினையும் இவரால்தான்.

விசாரித்து வந்த கடிதங்கள் நூற்றுப்பன்னிரண்டு. அத்தனைக்கும் நானே பதில் போட்டேன். அதில் ஒரு பெண், எந்த மூலையிலோ இருக்கிற ஒரு சின்ன நாடு, உன்னைவிட மூன்று வயது இளையவள், கணக்குப் படிக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள், அறையில் சன்னல் ஓரம் உட்கார்ந்து படிக்க வெளிச்சம் வருமா என்று. நான் மெனக்கெட்டு மாடி ஏறிப் போய், கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பார்த்து, மூன்றாவது சன்னல்தான் சிறந்தது, பத்து மணி வரை வெயில் வரும், அப்புறம் நிழல், எதிரே வாதாம் மரம், காக்கைத் தொந்தரவு உண்டு என்று நான்கு பக்கம் எழுதிப் போட்டேன். நூற்றுப்பன்னிரண்டு பேரில் அந்த ஒருத்திதான் வந்தாள். எங்களைத் தவிர வேறு யாருமே சன்னலைப் பற்றிப் பதில் எழுதவில்லையாம்.

வந்தது பெரிய கதை. நாங்கள் ஏழு பேரும் வேனில் பலகையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய் மூன்று வண்டிகள் வரும் வரைக்கும் நின்று கால் கடுத்துத் திரும்பி வந்தால், அவள் அதற்குள் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கி, வாட்ச்மேனின் பெஞ்சில் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வாட்ச்மேனுக்குப் பார்வையாளர் பதிவேடுதான் உயிர். பெயர், ஊர், வந்த நேரம், வந்த காரியம் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பி வைத்திருந்தார். காரியம் என்ற இடத்தில் 'படிக்க' என்று இருந்தது. வெளியேறிய நேரம் என்கிற கட்டம் மட்டும் காலி. "மேடம், வெளிநாடு எப்பப் போகும்? நான் பேஜை முடிக்கணும்" என்று என்னிடம் கேட்டார். மூன்று வருஷம் கழித்து என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் புதுப் பக்கத்தின் தலையில் அவள் வரியை மறுபடி எழுதி, கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக்கொண்டு வந்தார். பெயரும் அவர் வைத்ததுதான். வெளிநாடு எழுந்தாச்சு, வெளிநாடு குளிக்கப் போகுது, வெளிநாடு குடை இல்லாம நடக்குது என்று காலேஜ் முழுக்க அதுவே ஆகிவிட்டது. அவளும் முதல் வாரத்திலேயே அதற்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள், பாவம்.

இப்போது ஒருத்திக்கு ஏழு பேர் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். நம் வீட்டில் உனக்கு ஒரு அம்மா, அதற்கே நீ தாங்கவில்லை என்பாய். அவளுக்கு ஏழு. பதினொன்றரைக்குச் சமையல்காரர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். அவள் பாவம், கேட்டால் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். பன்னிரண்டரைக்குத் தட்டச்சு அக்கா கேட்பாள், அதற்கும் தட்டு போடப்படும். ஒரு மணிக்கு ஓட்டுநர், இரண்டு மணிக்கு மொழிபெயர்ப்பாளர். அவளுக்குத் தெரியாத பாஷையில் கேட்டுவிட்டு, பிறகு கையால் சைகை காட்டுவார். ஒரு நாளைக்கு நான்கு மதியச் சாப்பாடு! மூன்றாம் வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஏழு பேரும் டாக்டரிடம் ஓடினோம். டாக்டர் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு இதில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

இன்னும் கேள். தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதி. காப்பாளர் விசில் ஊதினார், வெளிநாடு பல் துலக்கும் பிரஷ்ஷோடு இறங்கி வந்தாள், நாங்கள் எண்ணிப் பார்த்தோம், ஒன்று. அனைவரும் பாதுகாப்பாக வெளியேறினர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சர்வதேச மாணவர் பேரவைக்குத் தலைவர் தேர்தல் வைத்தோம், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்பதால் அப்படியே நிற்கிறது. தரக்குழுவின் படிவத்தில் வெளிநாட்டு மாணவர் வளர்ச்சி எத்தனை விழுக்காடு என்று ஒரு கேள்வி. பூஜ்யத்திலிருந்து ஒன்று ஆனதற்கு விழுக்காடு போட முடியாது என்று கணக்கு வாத்தியார் சொல்லிவிட்டார். "அப்ப நாம வளரவே இல்லன்னு சொல்றீங்களா?" என்று பிரின்சிபால் அவரிடம் எகிறினார், இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. இதற்கிடையில் அவள் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அப்பா கடையில் தேய்த்துக் கொடுத்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது, எங்கள் ஆபீசிலிருந்து வந்திருந்த நாலு பேரும் பின்னால் நின்று அவளுக்கு எழுத்தை எடுத்துக் கொடுத்தார்களாம். அப்பா ஜென்மத்தில் யாரையும் அதட்டாதவர், அன்றைக்கு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். நீ சொல்வாயே, அங்கே எழுநூறு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு ஆலோசகர், அவரைப் பார்க்க ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்று. அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். கொதித்த கையோடு இங்கே இவளைப் போட்டுப் படுத்தியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் இரண்டு தாளைப் பின் போட்டு ரத்தினச்சுருக்கத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதல் தாளில், நீங்கள் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறீர்கள், என்னை மன்னியுங்கள், ஆனால் இப்படி என்னால் இருக்க முடியவில்லை, நாற்பது கட்டிலில் ஒன்றில் நான் படுக்கிறேன், மற்ற முப்பத்தொன்பதும் என்னையே பார்க்கின்றன என்று எழுதியிருந்தது. ரத்தினச்சுருக்கம் அதோடு நிறுத்திவிட்டார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. ஃபைலைப் பிரித்து, 'மாணவி படிப்பை விட்டுச் சொந்த நாடு திரும்ப விரும்புகிறார், உரிய ஆணைக்கு' என்று ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான், எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்தோம். இவள் போனால் முத்திரை போச்சு, முத்திரை போனால் பிரிவு போச்சு, ஏழு பேரும் பழையபடி ஆளுக்கொரு மூலை. ஃபைல் மேஜை மேஜையாகச் சுற்றியது. தட்டச்சு அக்கா 'பார்த்தேன், மிக்க வருத்தம்' என்று எழுதினாள். காப்பாளர் 'மேலே கண்டபடி' என்றார். ஓட்டுநர் 'வண்டி தயார்' என்றார். சமையல்காரர் 'மளிகை மீதமுள்ளது' என்றார். மொழிபெயர்ப்பாளர் 'மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை' என்றார். கடைசியில் என்னிடம் வந்தது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'பேசுக' என்று எழுதினேன். ஆபீஸ் வழக்கத்தில் அதற்கு என்னிடம் நேரில் வந்து பேசு என்று அர்த்தம், நடைமுறையில் இப்போதைக்கு இதைத் தொடாதே என்று அர்த்தம். எழுதி, டிராயரின் அடியில், பழைய ரப்பர் முத்திரைகளுக்குக் கீழே தள்ளிப் பூட்டினேன். பிரின்சிபால் கேட்டால் சுற்றில் இருக்கிறது சார் என்றேன். பதினோரு நாள், மகளே. பதினோரு நாள் அந்தச் சாவி என் கைப்பைக்குள் கிடந்தது. நான் யாரிடமும் பேசவும் இல்லை.

அந்தப் பதினோரு நாளும் அவள் போய்விடுவாளே என்கிற பயத்தில் எல்லோரும் அன்பை இரட்டிப்பாக்கினார்கள். சமையல்காரர் தினமும் மூன்று வகை இனிப்பு செய்தார். ஓட்டுநர் அவள் நூலகத்துக்கு நடந்தால்கூட வேனை மெதுவாகப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். தட்டச்சு அக்கா அவளுக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். நான் மட்டும் சளைத்தவளா, அவள் காக்கைத் தொந்தரவு என்று சொல்லிவிடப் போகிறாளே என்று வாதாம் மரத்தடியில் காக்கை விரட்ட ஆள் போட்டேன். அவள் முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே போயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். தொண்டையை உயர்த்திக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு, எல்லாம் நல்லா இருக்கும்மா என்று சொல்கிற குரல். உன் குரல் அது. போனை வைத்ததும் அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கிற்று, அப்பா தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாட்ச்மேன் என் பக்கத்தில் வந்து, "வெளிநாடு அழுதுங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே நீதானே வெளிநாடு. உன்னை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, நீ எந்த பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் 'சரிம்மா' சொன்னாயோ. உன் தாளை அங்கே ஒரு கண்காணிப்பாளர் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தால் நான் சும்மா விடுவேனா, அவள் குடுமியைப் பிடித்திருக்க மாட்டேனா? பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிவு போனால் போகட்டும், அந்தப் பெண் அவள் அம்மாவிடம் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக டிராயரைத் திறந்து ஃபைலை எடுத்தேன். விடுவிப்புப் படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவது கட்டம், சான்றிதழ் அனுப்ப வேண்டிய முகவரி. கடிதத்தின் அடியில் இருக்கும் என்று பின்னைக் கழற்றி, தாளைப் புரட்டினேன். இரண்டாம் பக்கம். அந்தப் பக்கத்தை ஏழு பேரில் ஒருவரும் படித்திருக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'எனக்கு இரண்டு வழிகள் தோன்றுகின்றன. பழைய விடுதியில் ஓர் அறைக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள், அங்கே என்னை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது அவர்களை இங்கே அனுப்புங்கள், என்னிடம் முப்பத்தொன்பது கட்டில்கள் சும்மா இருக்கின்றன. படிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, மூன்று வருடமும் இருப்பேன். சன்னல் நீங்கள் எழுதியது போலவே இருக்கிறது. பின்குறிப்பு: மதியம் ஒரு முறை சாப்பிட்டால் போதும்.'

இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது பார், ஐயோ, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். தட்டச்சு அக்கா நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், தாளைக் காட்டினேன், அவள் படித்துவிட்டுத் தண்ணீரை என் மேலேயே கொட்டினாள். ரத்தினச்சுருக்கத்தைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மதியம் ஒரு முறை என்கிற இடம் வந்ததும் சமையல்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரத்தினச்சுருக்கம் அசடு வழிந்துகொண்டே "முதல் பக்கத்துலயே மேட்டர் தெரிஞ்சுடுச்சேன்னு நெனச்சேன் மேடம்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒருவர்தான் முதல் பக்கத்தையாவது படித்தவர், நாங்கள் ஆறு பேரும் அவர் எழுதிய வரியை மட்டும்தானே படித்தோம்.

தாளைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் ஓடினேன், இந்த வயசில் ஓடினேன். அவர் படித்துவிட்டு முதலில் பெருமூச்சு விட்டார், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்பினால் அது எப்படிச் சர்வதேச இல்லம் ஆகும், தரக்குழுவுக்கு என்ன பதில் சொல்வது என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், ஒருத்திய நாப்பது கட்டிலுக்கு நடுவுல தனியா போட்டா அதுக்குப் பேரு சர்வதேசம் இல்ல, தனிச்சிறை" என்று சொல்லிவிட்டேன். அவர் கதவு வழியாக வராந்தாச் சுவரில் இருந்த பதினான்கு சட்டங்களையும் பார்த்தார். அப்புறம் திடீரென்று எழுந்து, "அப்ப குழு வர்றப்போ ஹால் ஃபுல்லா இருக்கும்ல?" என்றார். அவருக்கு அந்தக் கணக்குப் பிடித்துவிட்டது, எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ இங்கே இருந்திருக்க வேண்டும். பழைய விடுதியிலிருந்து முப்பத்தொன்பது பெண்கள், தலையில் மெத்தைச் சுருள், கையில் வாளி, வாளிக்குள் சோப்புப்பெட்டி, புத்தகம், கண்ணாடி, செருப்பு என்று கண்டதையும் போட்டுக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே தாண்டி வருகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் வெளிநாடு இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வழி காட்டுகிறாள். ஓட்டுநர் வேனில் ஏற்றுகிறேன் என்று கெஞ்சுகிறார், ஒருத்தியும் ஏறவில்லை. அரை மணி நேரத்தில் அந்த மாடியில் காது கொடுக்க முடியாத இரைச்சல். எந்தக் கட்டில் யாருக்கு என்று சண்டை, மூன்றாவது சன்னலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள், வெளிநாடு நம் பாஷையில் "அது என்னோடது, போடி" என்று கத்தினாள். போடியை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, எனக்குக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்துபோயிற்று. சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் காட்டினார். அன்றையப் பக்கத்தில் அவள் வரிக்கு நேரே, இத்தனை நாளாகக் காலியாகக் கிடந்த வெளியேறிய நேரம் என்கிற கட்டத்தில், 'போகவில்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். நாளையிலிருந்து இந்த வரியை எழுத மாட்டேன் என்றார். அந்தப் பெண் இப்போது ஒரே ஒரு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறாள், அதுவும் மற்றவர்கள் தட்டிலிருந்து பிடுங்கி. மொழிபெயர்ப்பாளர் நோட்டுப்புத்தகத்தோடு போய் அவளிடம் அவள் பாஷையைக் கற்றுக்கொள்கிறார்.

இவ்வளவையும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, லென்ஸைத் துடைக்கிற மாதிரி மெதுவாக, "அன்னிக்கு அவளும் 'ஏன்னா'ன்னு ஆரம்பிச்சா. நீதான் விடல" என்றார். என்ன என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் ஸ்பீக்கரில் இருந்ததாம், நீ வந்துடட்டுமா என்று கேட்டுவிட்டு, ஏன்னா என்று ஆரம்பித்தாயாம், அதற்குள் நான் பிடித்துக்கொண்டேனாம். எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ரத்தினச்சுருக்கத்தைப் பார்த்துச் சிரித்தேனே, நான் அவரைவிடப் பெரிய ரத்தினச்சுருக்கம். உன் முதல் வரியைக் கேட்டதும் 'மகள் படிப்பை விட்டு வர விரும்புகிறாள்' என்று மனசுக்குள் குறிப்பு எழுதி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். நூற்றுப்பன்னிரண்டு பேருக்குப் பதில் போட்டு, ஒரு சன்னலுக்கே நான்கு பக்கம் எழுதியவள், பெற்ற பெண் பேசுவதை இரண்டாவது வாக்கியம் வரை கேட்கவில்லை. தப்புதான்டி கண்ணே. அம்மா மேல்தான் தப்பு.

அதனால் இப்போது கேட்கிறேன், ஏன்னா என்ன? யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா, சாப்பாடு இறங்கவில்லையா, படிப்பு முரண்டு பிடிக்கிறதா, இல்லை ஒன்றுமே இல்லாமல் சும்மாவே ஏக்கமா? வந்துவிட வேண்டும் என்றால் வா, மனசாரச் சொல்கிறேன். உன் மேஜையைத் தம்பி ஆக்கிரமித்துப் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறான், அரை நாளில் அவனையும் ரேடியோவையும் கிளப்பிவிடுகிறேன். இருக்கத்தான் வேண்டும், ஆனால் வேறு அறை வேண்டும், வேறு ஆட்கள் வேண்டும் என்றால் அதை அங்கே யாரிடம் கேட்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். இருபத்திரண்டு வருஷ ஆபீஸ் அனுபவம் இருக்கிறது, எந்த ஆபீசாக இருந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும். எழுநூறு பேரில் இன்னும் நாலு பேர் உன்னைப் போலவே தனியாக உட்கார்ந்து அம்மாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவர்களையும் தேடிப் பிடி. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. கண்ணாடியின் பவரைச் சோதித்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, அப்பா ஞாபகப்படுத்தச் சொன்னார், பவர் நம்பரை மட்டும் அனுப்பினால் இங்கேயே தேய்த்து அனுப்புகிறாராம். எங்கே இருந்தாலும் நீ வயிறு நிறைந்து, வாய் நிறையச் சிரித்து, நினைத்ததை முடித்து நன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

மறக்காதே, கட்டைவிரல் செல்லாது. இத்துடன் ஒரு வெள்ளைத்தாள் மடித்து வைத்திருக்கிறேன், ஓரத்தில் என் கையால் 'பேசுக' என்று எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே அதற்குப் பேசு என்றுதான் அர்த்தம். தாளின் தலையில் 2 என்று பக்க எண் போட்டிருக்கிறேன். முதல் பக்கம் என்னிடம் இருக்கிறது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா,
கண்காணிப்பாளர் (இன்னும் குறிப்பு எழுதவில்லை)